பல்லைக் காட்டாத சவரிமுத்து

"சிரிக்காதீங்கன்னு சொன்னாக் கேளுங்களேய்யா! அந்தக் காலத்துல எவன்யா போட்டோவுக்குப் பல்லைக் காட்டிக்கிட்டு நின்னான்?"

கொடைக்கானல் ஏரிக்கரை ரோட்டில், வேர்க்கடலை வண்டிக்கும் ஸ்வெட்டர் கடைக்கும் நடுவில் இருக்கிற உபகாரத்தின் கடையில் இந்தப் புலம்பல் ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது கேட்கும். சீசன் நேரத்தில் கணக்கே கிடையாது. வேர்க்கடலை விற்கிற பாண்டிச்செல்விக்கு இது மனப்பாடம். உபகாரம் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவளே மூக்கால் இழுத்து, "எவன்யா பல்லைக் காட்டிக்கிட்டு..." என்று ஆரம்பித்துவிடுவாள்.

வருகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. "ஏனுங்க, கொஞ்சமா சிரிச்சாக்கூடத் தப்புங்களா?" என்று கோயம்புத்தூர் குழையும். "இன்னா சார், ஹனிமூனுக்கு வந்துட்டு எழவு வூட்ல நிக்கிற மாரி நிக்கச் சொல்றியே" என்று சென்னை மல்லுக்கு நிற்கும். "அய்யோ சேட்டா, எனிக்குச் சிரி நிக்குன்னில்லா" என்று பாலக்காடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனியும். உபகாரம் கேமராவிலிருந்து தலையை எடுத்து, கண்ணாடியைத் துடைத்து, மறுபடி மாட்டி, "வாயை மூடுங்க. மூக்கால மூச்சு விடுங்க. வீட்டுக் கடனை நெனச்சுக்கங்க" என்பார். அதற்குச் சிரிப்பார்கள். மறுபடி முதலிலிருந்து.

அவர் தொழில் அப்படி. இன்றைக்கு மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்கியவர்களை, நூறு வருஷத்துக்கு முன்னால் குதிரையில் வந்து இறங்கியவர்களாக்கி, சாயங்காலம் அவர்கள் ஊர் திரும்புவதற்குள் கையில் கொடுத்துவிட வேண்டும்.

அதற்கான சாமான்கள் தற்செயலாகக் கிடைத்தவை. இருபத்திரண்டு வருஷம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் அவர் அட்டெண்டர். நாடகச் சாமான்கள் இருந்த அறையின் சாவி அவர் இடுப்பில்தான் கிடக்கும். புதிதாக வந்த நிர்வாகம் ஒருநாள் அந்த அறையைக் காலி பண்ணச் சொன்னது. ஆறு கோட்டு, நாலு கவுன், பதினொரு தொப்பி, ஒரு பொட்டி நிறைய ஒட்டுத் தாடி, கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஏரோது ராசாவைத் தூக்கி வருகிற மூங்கில் நாற்காலி, எல்லாம் குப்பைக்குப் போக இருந்தன. "நான் கொண்டுபோகட்டுமா?" என்று கேட்டார். கொண்டுபோ என்றார்கள். அவர் மனைவி ஆக்ஸிலியா கவுன்களின் முதுகை வெட்டிவிட்டு நாடா வைத்துத் தைத்தாள். எத்தனை பெரிய உடம்பாக இருந்தாலும் முன்னாலிருந்து மாட்டிப் பின்னால் முடிச்சுப் போட்டுவிடலாம். முன்னால் பார்த்தால் துரைசாணி, பின்னால் பார்த்தால் சுடிதார்.

"வாட்சு, கூலிங்கிளாஸு, செல்லு, எல்லாத்தையும் கழட்டி இந்த டப்பாவுல போடுங்க" என்பது முதல் கட்டளை. சிரிக்கக் கூடாது என்பது இரண்டாவது. எடுத்த படத்தை லேப்டாப்பில் ஏற்றிப் பழுப்பாக்கி, சொரசொரப்பான தாளில் அச்சுப் போட்டு, ஆடலூர் காப்பித்தூள் போட்ட வரக்காப்பியில் ஒரு முக்கு முக்கி, துணியை மேலே விரித்து இஸ்திரி போடுவார். பழைய டூத் பிரஷ்ஷைக் காப்பியில் தொட்டுச் சுண்டினால் பூஞ்சைப் புள்ளி. நெளிவு கத்தரிக்கோலால் ஓரம் வெட்டி, மூலையில் ஒரு மடிப்பு, கீழே "கொடைக்கானல், 1911".

"செல்லுலயே இப்பிடிப் பண்ணலாமே அங்கிள்" என்று எதாவது ஒரு பிள்ளை சொல்லும்.

"செல்லுல வர்றது மூஞ்சி கழுவாத பழசும்மா. நான் பண்றது வயசான பழசு" என்பார். அதில் அவருக்குப் பெருமை உண்டு.

ஆக்ஸிலியா மட்டும் அந்தப் பெருமைக்குச் சலாம் போட மாட்டாள். "புதுசா இருக்கிறவளையெல்லாம் கெழவியாக்குறீகளே, இருக்கிற கெழவியைப் புதுசாக்குற மருந்து ஒண்ணு கண்டுபிடிங்களேன்" என்பாள்.

இப்படியே போயிருந்தால் உபகாரத்தைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இருந்திருக்காது. ஞானவேல் வந்தான்.

பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கிற குடும்பத்துப் பிள்ளை. நாலு வருஷத்துக்கு முன்னால் வில்பட்டிப் பக்கம் இடம் வாங்கி ஒரு பங்களா கட்டினான். கட்டும்போதே அதற்கு நூறு வயசு. செங்கல் சுவரில் கல் ஒட்டி, ஓடு போட்டு, ஒருநாளும் புகை வராத புகைபோக்கி ஒன்றையும் நட்டிருந்தான். ஆகஸ்டு மாசம் உபகாரம் கடைக்கு வந்து, தொங்குகிற படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, உதட்டைப் பிதுக்கித் தலையாட்டினான்.

"அண்ணே, நம்ம காரிடாரு பூரா வெறுஞ்சுவரா கெடக்குண்ணே. ஒரு பன்னெண்டு படம். தொரைமாரு, ஏரி, வேட்டை, அந்த மாதிரி. சும்மா ஒரு அழகுக்குத்தான்."

அழகுக்குத்தானே என்று உபகாரமும் பதினொன்றைச் செய்துவிட்டார். பன்னிரண்டாவதுக்கு அவருக்கே ஒரு யோசனை தோன்றியது. மோட்டார் ரோடு வருவதற்கு முன்னால் துரைமார்களை நாற்காலியில் உட்கார வைத்து, நாலு பேர் தோளில் தூக்கிக் காட்டுப் பாதையில் மலை ஏற்றுவார்கள். ஏரோது நாற்காலி சும்மாதானே கெடக்கு. வேன் ஸ்டாண்டில் பயணிகளுக்காகக் காத்துக்கிடந்த டிரைவர்கள் நாலு பேரைக் கூப்பிட்டார். சட்டையைக் கழற்றவைத்து, கம்பளி போர்த்தி, தலைப்பாகை கட்டிவிட்டார். முன்னால் இடது பக்கம் நின்றவன் கோகுல். வத்தலக்குண்டுக்காரன். தினமும் வேனில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறி இறங்குகிறவன். எலும்பான முகம், குழிந்த கன்னம், நல்ல மீசை. பார்த்ததும் உபகாரத்துக்குப் பிடித்துவிட்டது. ஒரே தொந்தரவு, கோகுலுக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது. பதினாறு தடவை எடுத்தார். பதினாறிலும் பல்.

பதினேழாவது தடவை, கேமராவுக்குப் பின்னாலிருந்து, "ஏலே கோகுலு, ஒன் வண்டி பின் டயர்ல காத்து எறங்கிக் கெடக்குடா" என்றார்.

கோகுலின் முகம் அப்படியே விழுந்தது. பயமும் கவலையும் களைப்புமாக ஒரு பார்வை. கிளிக்.

லேப்டாப்பில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. வாட்சைக் கழற்றியிருந்தான், ஆனால் வெயில் படாத வாட்ச் தடம் இடது மணிக்கட்டைச் சுற்றி வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தது. நாலு தேய்ப்புத் தேய்த்தால் மறைந்துவிடும். அந்த நேரம் பார்த்து ஆக்ஸிலியா சாப்பிடக் கூப்பிட்டாள். எவன் பார்க்கப் போறான் என்று அப்படியே அச்சுக்கு விட்டுவிட்டார்.

மறுவாரம் ஞானவேல் போன் பண்ணினான். "படத்துக்குக் கீழ போர்டு எழுதுறேண்ணே. 'நாற்காலி தூக்கிகள், 1909'னு போட்டிருக்கேன். ஒருத்தன் பேராவது இருந்தாத்தான் கெஸ்ட்டு நம்புவாக. ஒரு பேரு சொல்லுங்க."

உபகாரம் அப்போது வரக்காப்பி கலக்கிக்கொண்டிருந்தார். "சவரிமுத்துன்னு போட்டுக்கங்க" என்றார்.

இந்த மலையில் பழைய கிறிஸ்தவக் குடும்பங்களில் தடுக்கி விழுந்தால் ஒரு சவரிமுத்து மேல்தான் விழ வேண்டும். அதனால்தான் அந்தப் பேர் வாயில் வந்தது. அதனாலேயேதான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. இது அவருக்குப் பிறகுதான் உறைத்தது.

அக்டோபர் முதல் வாரம். பூஜை லீவுக் கூட்டம். கடை முன்னால் ஒரு குடும்பம் தொப்பிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது கித்தேரியம்மாள் வந்தாள். ஞானவேல் பங்களாவில் படுக்கை விரிப்பு மாற்றுகிற சோலி அவளுக்கு. ஐம்பத்தெட்டு வயசு, தனிக்கட்டை. கோயிலில் உபகாரத்துக்கு இரண்டு பெஞ்சு முன்னால் பெண்கள் பக்கம் உட்கார்வாள். அதிகம் பேச மாட்டாள். அன்றைக்கு வந்ததும் உபகாரத்தின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது.

"உபகாரம், எங்க தாத்தாவைக் காட்டிட்டியேப்பா."

"யாருக்கா?"

"சவரிமுத்து. எங்கப்பாவப் பெத்தவரு. நாற்காலி தூக்குனவரு. அந்தக் காரிடார்ல இருக்காரே! நாலு நாளா பெட்சீட்டைக் கையில வச்சுக்கிட்டு அவரையே பாத்துக்கிட்டு நிக்கேன். ஞானவேலு தம்பிதான் சொல்லுச்சு, உபகாரம் அண்ணன் குடுத்த படம்னு."

"அக்கா, அந்தப் பேருல நெறையப் பேரு..."

"பேரை விடு. கையைப் பாத்தியா?" அவள் தன் இடது மணிக்கட்டைச் சுற்றி ஒரு விரலை ஓட்டினாள். "வெள்ளையா, வளையல் போட்டாப்புல. எங்கப்பா, வயசான காலத்துல என்னையப் பெத்தவரு, சாகுற வரைக்கும் சொல்லுவாக. ஒருதரம் எறக்கத்துல நாற்காலி சறுக்குனப்ப கயிறு கையில சுத்தி இழுத்துருச்சாம். தோலு உரிஞ்சு, அந்த எடம் மட்டும் வெள்ளையாவே நின்னுருச்சாம். அப்பாவுக்கு அவுகப்பா மொகமே தெரியாது. கைக்கொழந்தையா இருக்கையிலயே பாதையில விழுந்து செத்துட்டாரு. எங்க பொதச்சாகன்னு தெரியாது. அந்தக் கைத்தழும்பு ஒண்ணைத்தான் அவுகம்மா சொல்லிக் குடுத்துருக்காக." அவள் மறுபடி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க கெடச்சுச்சுப்பா ஒனக்கு இந்தப் படம்?"

அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். வாட்ச் தடம்க்கா, டிரைவர் பயக்கா என்று நாலு வார்த்தை. ஆக்ஸிலியா தையல் மெஷினிலிருந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தொப்பிக் குடும்பம் பார்த்துக்கொண்டிருந்தது. கித்தேரியம்மாளின் சில்லிட்ட கை அவர் கைக்குள் சூடாகத் தொடங்கியிருந்தது.

"ஸ்கூல் ஸ்டோர்ரூம்லக்கா. ஒரு பழைய பொட்டிக்குள்ள கெடந்துச்சு" என்றார் உபகாரம்.

அவள் கேட்டது சின்ன உதவிதான். அந்தப் படத்தில் தாத்தா முகத்தையும் கையையும் மட்டும் தனியாக எடுத்து ஒரு பிரதி. நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். அதற்குள் மதுரையில் கொடுத்து பீங்கான் ஓட்டுச் சில்லில் படமாகச் சுட்டு வாங்கி, அப்பாவின் கல்லறையில் அப்பா பேருக்கு மேல் பதித்துவிட வேண்டும். "ரெண்டு பேரும் ஒரே எடத்துல இருந்துட்டுப் போகட்டும். எனக்குப் பெறகு வந்து பாக்க யாரு இருக்கா" என்றாள்.

அவள் போனதும் ஆக்ஸிலியா ஊசியை வாயில் கவ்விக்கொண்டே கேட்டாள். "ஸ்டோர்ரூம்லயா கெடந்துச்சு?"

"சும்மா இரு."

"கோகுலு ஸ்டோர்ரூம்லயா கெடந்தான்னு கேட்டேன்."

பிரதியைப் போட்டுக் கொடுத்தார். சொல்ல வாய் வராதவர் வேறு என்ன செய்வார்? போடும்போது அந்த வெள்ளைத் தடத்தை அழித்துவிடலாமா என்று ஒரு கணம் சுட்டியை அதன்மேல் கொண்டுபோனார். அழித்தால் அவளுடைய தாத்தாவை அழித்ததாகும், விட்டால் பொய்யை விட்டதாகும். கை அங்கேயே நின்றது. விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு எவன் கை நீட்டினாலும் அவர் கண் மணிக்கட்டுக்குத்தான் போனது. டப்பாவில் வாட்சைக் கழற்றிப் போடுகிற ஒவ்வொரு கையிலும் ஒரு வெள்ளை வளையம். ஊரில் பாதிப் பேர் கித்தேரியம்மாளின் தாத்தாவாகத் திரிந்தார்கள். சிரிக்காதீங்க என்று சொல்லும்போது குரல் பாதியிலேயே இறங்கிவிடும். மிச்சத்தைப் பாண்டிச்செல்வி முடித்துவைப்பாள்.

கோயிலில் நிலைமை இன்னும் மோசம். கித்தேரியம்மாள் வாய் மூடவில்லை. "பேருக்கேத்த மாதிரி உபகாரம் பண்ணுனான்" என்று அவள் சொல்ல, ஒவ்வொருவராக வந்து அவர் தோளைத் தட்டினார்கள். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். சாமியார் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தார்.

"பொய் சொன்னேன் சாமி."

"என்ன பொய்?"

"...சம்சாரத்துக்கிட்ட, சுகர் மாத்திரை போட்டேன்னு சொன்னேன். போடலை."

"வேற?"

வேற என்றால் இருந்தது. "அவ்வளவுதான் சாமி."

பாவமன்னிப்புக் கொடுத்து முடித்த சாமியார், வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரலைத் தாழ்த்தி, "கித்தேரியம்மாளுக்கு நீங்க செஞ்சது பெரிய தர்மம், உபகாரம். பிரசங்கத்துல சொல்லலாம்னு இருக்கேன்" என்றார். உபகாரம் முழங்கால் இடிக்க எழுந்து வெளியே வந்து, தொப்பியை அங்கேயே மறந்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

கோகுல் வேறு தினமும் வந்தான். ஒருநாள் டீ கிளாசும் கையுமாக அவன் கடைக்குள் நுழையவும், கித்தேரியம்மாள் விரிப்பு மூட்டையோடு ரோட்டில் வரவும் சரியாக இருந்தது. உபகாரம் பதறிப்போய் ஒட்டுத் தாடி ஒன்றை எடுத்துக் கோகுல் முகத்தில் அப்பினார். அது மோசே தாடி. தொப்புள் வரைக்கும் தொங்கியது.

"யாருப்பா இது?" என்றாள் கித்தேரியம்மாள்.

"டூரிஸ்ட்டுக்கா. வடநாடு."

கோகுல் டீ கிளாசைத் தூக்கி, "நமஸ்தே" என்றான். அவள் அவனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஓட்டுச் சில்லு வரும் வெள்ளிக்கிழமை வந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தாடியைப் பிய்த்துக்கொண்டு கோகுல் விழுந்து விழுந்து சிரித்தான். "என்னண்ணே இது கூத்து?"

உபகாரம் சொன்னார். சொல்லச் சொல்ல அந்தச் சிரிப்பு, பின் டயரில் காற்று இறங்கியது என்று கேட்ட அன்றைக்குப் போலவே, அப்படியே விழுந்தது.

"என் மொகத்தையா? கல்லறையிலயா?"

"தெரியாம நடந்துபோச்சுடா. நீ அந்த மீசைய மட்டும் எடுத்துட்டயின்னா..."

"மீசைய விடுங்கண்ணே. தெனம் இந்த மலையில ஏறி எறங்குறவன் நான். ஒரு வளைவு தப்புனா கீழ தேனி ஜில்லா. எங்க ஆத்தா வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை எலுமிச்சம்பழம் கட்டி அனுப்புது. இங்க நீங்க உசுரோட இருக்கிறவன் மூஞ்சியக் கல்லறையில பதிக்கீங்களா?" அவன் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். "ஒண்ணாந்தேதிக்குள்ள நீங்க சொல்லிருங்க. இல்லன்னா நான் நேரா அந்தம்மா முன்னாடி போயி நிப்பேன். தாடி இல்லாம."

உபகாரம் ஞானவேலிடம் ஓடினார். படத்தை இறக்கிவிடு தம்பி என்றார். "அதுக்கு முன்னாடி நின்னுதாண்ணே எல்லாரும் செல்ஃபி எடுக்காக. கித்தேரியம்மா தாத்தா கதைய வேற சேத்துச் சொல்லவும் இன்னும் சூப்பரா இருக்கு" என்றான் ஞானவேல்.

முப்பதாம் தேதி போகலாம் என்று நினைத்தார். மழை. முப்பத்தொன்று. கடையில் கூட்டம். கூட்டம் ஒன்றும் இல்லை, நாலே பேர்தான். ஒன்றாந்தேதி காலையில் ஆக்ஸிலியா அவர் கையில் ஸ்வெட்டரைத் திணித்து, "வெள்ளனே போங்க. சிமெண்டு காயறதுக்குள்ள போங்க" என்றாள்.

கல்லறைத் தோட்டம் பூராவும் ஆட்கள். புல் செதுக்குகிறவர்கள், சுண்ணாம்பு அடிக்கிறவர்கள், குடத்தில் தண்ணீர் கொண்டுவருகிறவர்கள். கித்தேரியம்மாள் தன் அப்பா ஆரோக்கியத்தின் கல்லறை முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, முந்தானை நுனியால் ஓட்டுச் சில்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் முன்னால்தான் பதித்திருக்க வேண்டும். சுற்றிலும் சிமெண்டு பச்சையாக இருந்தது. பழுப்பு நிறத்தில், பளபளவென்று, வத்தலக்குண்டு கோகுல் பின் டயரைப் பற்றிய கவலையோடு உபகாரத்தைப் பார்த்தான்.

"வா உபகாரம். நேராத்தான இருக்கு?"

"அக்கா."

"கொஞ்சம் இடது பக்கம் சாஞ்சாப்புல இல்ல?"

"அக்கா, அது உங்க தாத்தா இல்லக்கா."

அவள் திரும்பவில்லை. துடைக்கிற கை மட்டும் நின்றது.

அவர் சொன்னார். நின்றுகொண்டு சொல்ல முடியாமல் ஈரப் புல்லில் உட்கார்ந்து சொன்னார். வேன் ஸ்டாண்டு, ஏரோது நாற்காலி, பதினாறு சிரிப்பு, டயர், வாட்ச், வரக்காப்பி. ஒன்றையும் விடவில்லை. ஸ்டோர்ரூமில் பெட்டியே கிடையாது என்பதையும் சொன்னார். சொல்லும்போது வேடிக்கையாக இருப்பதாக நாற்பது நாள் முன்னால் தோன்றியதெல்லாம் இப்போது ஒவ்வொன்றும் அசிங்கமாக இருந்தது.

கித்தேரியம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "பேரு? பேரை யாரு வச்சா?"

"நான்தான்."

"சவரிமுத்துன்னு ஏன் வச்ச?"

"யோசிச்சு வைக்கலக்கா. வாயில வந்துச்சு."

"வாயில வந்துச்சு." அவள் அதை ருசி பார்ப்பதுபோலத் திருப்பிச் சொன்னாள். "எங்கப்பா கடைசி நாள்ல தண்ணி எறங்காமக் கெடக்கையில அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லி நாக்கு ஒட்டிக்கிச்சு. ஒனக்கு வாயில வந்துச்சு."

உபகாரம் தலையைக் குனிந்துகொண்டார். திட்டியிருந்தால் தேவலை. மண்ணை அள்ளி எறிந்திருந்தால் இன்னும் தேவலை. அவள் பக்கத்தில் கிடந்த கொத்தனார் கரண்டியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"நீயே எடு."

சிமெண்டு இன்னும் பிடிக்கவில்லை. ஓரத்தில் கரண்டியை விட்டு நெம்பியதும் சில்லு பெயர்ந்து வந்தது. ஆரோக்கியம் என்ற பேருக்கு மேல் ஒரு சதுரப் பள்ளம் மட்டும் நின்றது. அதைப் பூசிவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள்.

"அதை நீ கொண்டுபோ. கடையில, எல்லாரும் பாக்குற எடத்துல வையி. எவன் கேட்டாலும் இது யாருன்னு சொல்லு. முழுசாச் சொல்லு. ஒரு ஆளு விடக் கூடாது. நான் வந்து கேப்பேன்."

மறுநாள் சாமியார் கல்லறைகளை மந்திரிக்கிற சடங்குக்கு ஊரே வந்திருந்தது. அந்தச் சதுரப் பள்ளத்தில் கித்தேரியம்மாள் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்திருந்தாள். படம் எங்கே, தாத்தா படம் எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் ஒரே பதில் வைத்திருந்தாள். "உபகாரத்தைக் கேளுங்க." கேட்டார்கள். அவர் சொன்னார். தோளைத் தட்டிய அதே கைகள் ஒவ்வொன்றாகப் பையை இறுக்கிக்கொண்டு விலகின. தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்த சாமியாரும் கேட்டார். அவருக்கும் சொன்னார். சாமியார் கையிலிருந்த தண்ணீர் சொட்டி நின்றது. "போன சனிக்கிழமை 'அவ்வளவுதான்'னு சொன்னீங்களே" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த கல்லறைக்குப் போனார்.

கோகுல் சந்தோஷமாகத்தான் இருந்தான். "கல்லறையில இருந்து எறங்குனாப் போதும்ணே. கடையில எத்தனை நாள் வேணாலும் ஒக்காந்துக்கிறேன்." ஞானவேல் பங்களாவில் அந்தப் பெரிய படம் இன்னும் இருக்கிறது. காலையில் விரிப்பு மாற்றப் போகும்போது கித்தேரியம்மாள் அதைச் சுவர் பக்கம் திருப்பி மாட்டிவிட்டு வருவாள். மத்தியானம் ஞானவேல் அதைத் திருப்பி மாட்டுவான்.

ஓட்டுச் சில்லு உபகாரத்தின் கடையில் லேப்டாப்புக்கு மேலே அலமாரியில் இருக்கிறது. வருகிறவர்கள் கண் முதலில் அதில்தான் விழும். கடையிலேயே அதுதான் நல்ல படம். "சார், இது நிஜமாவே பழசா?" என்று கேட்பார்கள். உபகாரம் கேமராவைக் கீழே வைத்துவிட்டு முதலிலிருந்து சொல்வார். சிலர் சிரிப்பார்கள். சிலர் எடுக்க வந்த படத்தை எடுக்காமல் போவார்கள்.

வாரத்தில் இரண்டு நாள் விரிப்பு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கித்தேரியம்மாள் அந்த வழியாகப் போவாள். மூட்டையை இறக்க மாட்டாள். ரோட்டில் நின்றபடியே, "எத்தனை பேரு?" என்பாள்.

"ஏழு பேருக்கா."

"ஏழு பேருக்கும் சொன்னியா?"

"சொன்னேன்க்கா."

மூட்டையோடு நடந்துவிடுவாள். போன கிறிஸ்துமஸுக்கு ஆக்ஸிலியா கொடுத்தனுப்பிய முறுக்கை வாங்கிக்கொண்டாள். கோயிலில் பூசை நடுவே ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போது உபகாரம் கும்பிட்டால் மட்டும் அவள் கண் பீடத்தை விட்டு நகராது.

தை மாசம் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்தது. குடும்பத் தலைவர் கோட்டை மாட்டி, தொப்பியை வைத்து, தானாகவே வாட்சைக் கழற்றி டப்பாவில் போட்டார். உபகாரம் அதை எடுத்து அவர் கையிலேயே திரும்பக் கட்டிவிட்டார். அவர் முகத்தை இறுக்கிக்கொண்டு நின்றார். உபகாரம் கேமராவிலிருந்து தலையை எடுத்து, சிரிங்க என்றார். வேர்க்கடலை வண்டியிலிருந்து பாண்டிச்செல்வி எட்டிப் பார்த்தாள்.

"என்ன சார் நீங்க? இந்தக் கடையில வாட்ச் கட்ட விடமாட்டாங்க, சிரிக்க விடமாட்டாங்க, அதனாலதான் அச்சு அசல் பழசு மாதிரி வருதுன்னு எங்க மச்சான் சொல்லி அனுப்புனாரு. நீங்க என்னடான்னா எல்லாத்தையும் தலைகீழாச் சொல்றீங்க. பல்லைக் காட்டிக்கிட்டு, வாட்சக் கட்டிக்கிட்டு நின்னா இது எப்படி சார் பழசாட்டம் இருக்கும்?"

உபகாரம் அலமாரியில் இருந்த சில்லை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"பழசாட்டம் இருக்க வேண்டாம்யா, நீங்க நல்லாப் பல்லு தெரியச் சிரிங்க, அந்த வாட்சையும் மணி தெரியுறாப்புல முன்னாடி நீட்டுங்க, நாளைக்கு எவளாவது ஒருத்தி உங்களைத் தன் தாத்தான்னு நெனச்சுக் கும்பிட்டுறக் கூடாது!"